பராநகரில் தோற்றவர்

கண்ணா, கல்லூரித் தேர்தலில் தோற்றதும், "இனி அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டேன் தாத்தா" என்று போனில் சொன்னாய். ராத்திரி முழுக்க எனக்கு ஜோதி பாபு ஞாபகம்தான்.

நான் 1968இல் கல்கத்தா வந்தேன். லேக் மார்க்கெட் பக்கம் ஒரே அறையில் நாலு தமிழர்கள். டல்ஹௌசி சதுக்கத்தில் குமாஸ்தா வேலை. அப்போது இந்த ஊரில் டீக்கடைக்குப் போனாலே அரசியல்தான். வங்காளிகள் "ஜோதி பாபு, ஜோதி பாபு" என்று அடித்துக்கொள்வார்கள். மொழி பாதிதான் புரியும் என்றாலும் வாய் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

அந்த ஜோதி பாபு, அதாவது ஜோதி பாசு, லண்டனில் பாரிஸ்டருக்குப் படித்தவர். 1940இல் ஊர் திரும்பியவர் கோர்ட்டுப் பக்கம் போகாமல் ரயில்வே தொழிலாளர்களிடம் போனார். 1946இல் ரயில்வே தொழிலாளர் தொகுதியிலிருந்து வங்கச் சட்டமன்றத்துக்கு வந்தார். 250 பேர் கொண்ட சபை அது. அதில் அவரோடு சேர்த்து கம்யூனிஸ்டுகள் 3 பேர். கை தூக்கினால் எண்ணக்கூட வேண்டாம். ஆனாலும் அந்த மூவரும் எழுந்து பேசினார்கள்.

1952 முதல் அவர் தொகுதி பராநகர். கல்கத்தாவுக்கு வடக்கே, ஹூக்ளிக் கரையில் உள்ள புறநகர். சணல் ஆலைத் தொழிலாளிகளும், கிழக்கு வங்கத்திலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த அகதிகளும் நிறைந்த பக்கம். விதான் சந்திர ராய் முதல்வராக இருந்த காலம் முழுக்க ஜோதி பாபு எதிர்வரிசையில்தான் இருந்தார். முதல் முறை எம்.எல்.ஏ. ஆனதிலிருந்து அமைச்சராகும்வரை 21 வருஷம். அந்த 21 வருஷம்தான் அவரை உருவாக்கியது என்பேன்.

1969 ஜூலை 31ஆம் தேதி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்போது அவர் துணை முதல்வர். போலீஸ் இலாகா அவர் கையில். கலவரத்தில் செத்துப்போன ஒரு போலீஸ்காரரின் உடலோடு வந்த போலீஸ்காரர்களே சட்டமன்றத்துக்குள் புகுந்து மேஜை நாற்காலிகளை நொறுக்கினார்கள். அவருடைய அறைக்குள்ளும் நுழைந்துவிட்டார்கள். அவர் ஓடவில்லை. உட்கார்ந்தபடியே பேசினார். வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். எங்கள் அலுவலகத்தில் அன்றைக்கு யாரும் பேனாவைத் தொடவில்லை.

1971இல் முன்னாள் முதல்வர் அஜய் முகர்ஜியே பராநகரில் எதிர்த்து நின்றார். அவரையும் ஜெயித்தார். அடுத்த வருஷமே அதே பராநகரில் தோற்றார். 113 இடம் வைத்திருந்த அவருடைய கட்சி 14 இடத்துக்கு இறங்கியது. தேர்தலே மோசடி என்று சொல்லி, ஜெயித்த அந்த 14 பேரையும் ஐந்து வருஷம் சபைக்குப் போகவிடாமல் செய்தது கட்சி.

இதை நான் அன்றைக்கும் ஏற்கவில்லை, இன்றைக்கும் ஏற்கவில்லை. கோபத்துக்குக் காரணம் இருந்திருக்கலாம். ஆனால் 3 பேராக உட்கார்ந்து பேசத் தெரிந்த கட்சிக்கு, 14 பேர் எப்படிப் போதாமல் போனார்கள்? ஓட்டுப் போட்ட ஜனங்களுக்காக அந்தச் சபையில் பேச ஒரு குரல் வேண்டாமா?

ஜோதி பாபு வீட்டோடு முடங்கவில்லை. நெருக்கடி நிலையையும் தாண்டி வந்து, 1977இல் சாத்காச்சியாவில் நின்று ஜெயித்து முதல்வரானார். அரசியல் கைதிகளை விடுவித்தார். மறு வருஷமே பஞ்சாயத்துத் தேர்தல் நடந்தது. குத்தகை விவசாயிகள் சுமார் 14 லட்சம் பேரின் பெயர் பதிவேட்டில் ஏறியது. 2000 வரை, 23 வருஷம் முதல்வர். அந்த ஆட்சியில் குறையும் உண்டு. ஆலைகள் மூடின, மின்வெட்டில் விசிறியும் கையுமாக இருந்தோம், அரசு ஆரம்பப் பள்ளிகளில் ஆங்கிலத்தை எடுத்தது பெரிய தவறு. அதையெல்லாம் மறைத்து உனக்குச் சொல்ல மாட்டேன்.

நான் சொல்ல வந்தது அந்த 23 வருஷத்தைப் பற்றி அல்ல, அதற்கு முந்தைய எதிர்வரிசையைப் பற்றி. உனக்கு ஓட்டுப் போட்ட பிள்ளைகள் இன்னும் அதே வகுப்பில்தான் இருக்கிறார்கள், அவர்களுடைய விடுதிச் சாப்பாடும் மாறவில்லை. புதுச் செயலாளர் முதல் கூட்டம் கூட்டும்போது போய் முன்வரிசையில் உட்கார். அந்தச் சாப்பாட்டைப் பற்றி எழுந்து கேள்.