பிறப்புச் சீட்டில்லாத வண்டி

வண்டியைச் செய்து முடிக்க எமக்கு 6 வாரம் ஆயிற்று. அதனை வண்டியென்று சர்க்கார் ஒப்புக்கொள்ள 14 மாதம் ஆயிற்று. அப்பதினான்கு மாதத்துச் செய்தியே இக்கட்டுரை.

என் தம்பி, ஆலை விபத்தொன்றில் வலக்காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவன். தோட்டத்திலே பிறந்து, தன் கையே தனக்குதவி என்று வாழ்ந்தவன். "அண்ணே, சந்தைக்குப் போக ஒருவர் தயவு, ஆஸ்பத்திரிக்குப் போக ஒருவர் தயவு, கால் போன நோவைவிட இந்தத் தயவின் நோவு பெரிதாயிருக்கிறது" என்று ஒருநாள் கூறினான். அன்று மாலையே, தந்தையார் விட்டுச் சென்ற பழைய ஹோண்டா கப்சாயைச் செங்கிலுள்ள எம் வீட்டு முற்றத்திற்குத் தள்ளி வந்தேன்.

யான் பட்டறைத் தொழிலாளி. இரும்பை வெட்டவும் ஒட்டவும் அறிவேன். அவ்வகை மோட்டார் சைக்கிளில் பின் பிரேக் வலக்காலுக்குரியது. அதனைக் கைக்கு மாற்றினேன். இடப்பக்கத்தில் மூன்றாஞ் சக்கரமொன்றும், ஊன்றுகோலும் காய்கறிக் கூடையும் வைக்க ஒரு தட்டும் பொருத்தினேன். தம்பி ஏறியமர்ந்து சிரித்த சிரிப்பைக் கண்டு, வேலை முடிந்ததென்றே எண்ணினேன். அஃது என் அறியாமை.

1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம், பதிவு பெறாத மோட்டார் வண்டியை ஓட்டுவது மட்டுமன்று, வைத்திருப்பதும் ஆகாதென்கிறது. வண்டியின் அமைப்பு எவ்வாறிருத்தல் வேண்டுமென்பதை 1959ஆம் ஆண்டு விதிகள் வரையறுக்கின்றன. இரு சக்கரமாகப் பதிவானதை மூன்று சக்கரமாக்குவதாயின், முன்கூட்டியே ஒப்புதல் பெற்று, சோதனைக்குக் காட்டி, கிராண்ட் என்று நாம் வழங்கும் பதிவுச் சீட்டிலும் அம்மாற்றத்தை ஏற்றுதல் வேண்டும். யானோ முதலில் செய்துவிட்டுப் பின்னர்க் கேட்கப் போனேன். ஊரைக் கூட்டித் திருமணத்தை முடித்துவிட்டுப் பதிவை மறக்கும் நம்மவர் கதைதான்!

கிராண்ட் இறந்த தந்தையார் பெயரில் இருந்தது. வாரிசென்று காட்டத் தம்பியின் பிறப்புச் சீட்டை நீட்டினோம். அதில் தந்தையார் பெயர் ஒருவிதம். அவருடைய அடையாள அட்டையில் வேறொருவிதம். அந்நாளில் தோட்டத்துக் கிராணியின் காதில் விழுந்ததே பெயர், அவர் கிறுக்கியதே எழுத்து. இரு பெயரும் ஒருவருக்குரியவையே என்று மெய்ப்பிப்பதில் 5 மாதம் கழிந்தது. வண்டியின் எஞ்சின் எண்ணிலும் அடிச்சட்ட எண்ணிலுமோ ஓரெழுத்தும் பிழையில்லை. இரும்புக்கு இருந்த ஒழுங்கான பதிவு, நாற்பதாண்டு பால் மரம் வெட்டிய மனிதனுக்கு இல்லாமற் போயிற்று!

பின்னர்ச் சோதனை. புறப்படுமுன், எம் சிற்றன்னையார் சன்னாசிமலைக் கோயிலிலிருந்து எலுமிச்சம்பழம் மூன்று கொணர்ந்து, சக்கரத்துக்கொன்றாக வைத்து நசுக்கச் செய்தார். வண்டி தோற்றது. பிரேக் பிடித்தபோது அது வலப்புறமாக இழுத்தது. காரணம் எளிது. மோட்டார் சைக்கிள் நிற்க முயல்கையில், பிரேக்கில்லாத இடப்பக்கச் சக்கரம் தன் பாரத்தோடு முன்னோக்கி ஓடவே, வண்டி முழுதும் வலப்பக்கம் திரும்புகிறது. நம் நாட்டில் இடப்புறம் செல்வதே விதி. வலப்புறம் எதிரே வரும் லாரிக்குரியது. அதனை உணர்ந்ததும் யான் நடுங்கிப்போனேன். சினத்தோடு சென்றவன், அச்சோதனையாளருக்கு மனத்துள் வணக்கம் கூறித் திரும்பினேன்.

வழியிலே ஒரு தரகர் எம்மை மறித்து, 300 வெள்ளி தந்தால் எல்லாவற்றையும் தாம் 'பார்த்துக்கொள்வதாக'ச் சொன்னார். என் தம்பியின் உயிருக்கு விலை 300 வெள்ளியா? வீடு திரும்பி மூன்றாஞ் சக்கரத்துக்கும் பிரேக் அமைத்து, மூன்றும் ஒருங்கே பிடிக்கும்வரை பல இரவு உழைத்தேன்.

ஆதலின், சோதனை வேண்டாமென்பது என் கட்சியன்று. சோதிக்குமுன்பே, "நீ எந்த ஆலையிற் பிறந்தாய்?" என்று கேட்டு வாயிலை அடைப்பதுதான் என் மனக்குறை. கோயமுத்தூர் ஜி. டி. நாயுடு, ஓட்டலில் வேலை செய்து சேர்த்த பணத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கி, அதனைக் கழற்றிப் பார்த்தே இயந்திரம் கற்றவர். அவர் 1952இல், 2,000 ரூபாய் விலையில் இருவர் செல்லத்தக்க காரொன்றை உருவாக்கினார். சர்க்கார் உரிமம் தரவில்லை. கார் அத்துடன் நின்றது. 2021இல், மகாராட்டிர மாநிலத்துச் சாங்லி மாவட்டத்தில் ஒரு கொல்லர், தம் மகனுக்காகப் பழைய இரும்பைக் கொண்டு, காலால் உதைத்துக் கிளப்பும் காரொன்றைச் செய்தார். விதிக்கு ஒவ்வாத அதனைச் சாலையில் ஓட்ட விடமாட்டார்களென்று கூறி, பெரிய கம்பெனியொன்று அடுத்த மாதமே புது வண்டி தந்து அதனை வாங்கிக்கொண்டது. கொடைதான், ஆயினும் கொல்லர் கையாற் செய்தது காட்சிப் பொருளாயிற்று.

பிரிட்டனில் வேறொரு வழியுண்டு. பல வண்டிகளின் உறுப்புகளைச் சேர்த்து ஒருவன் தானே கட்டிய வண்டியின் வயதோ பிறப்போ தெளிவாகாவிடினும், அது சோதனையில் தேறினால், 'கியூ' என்னும் எழுத்தில் தொடங்கும் எண் பலகையைத் தருகிறார்கள். 1983 முதல் இது நடைபெறுகிறது. "இதன் பிறப்பை யாம் அறியோம்; ஆயினும் சோதித்தோம், ஓடத் தக்கது" என்பதே அவ்வெழுத்தின் பொருள்.

அவ்வெழுத்தை நினைக்குந்தோறும் எம் பெரியப்பா என் கண்முன் வருகிறார். இம்மண்ணிலேயே பிறந்தவர், பிறப்புச் சீட்டில்லை. சிவப்பு அடையாள அட்டையோடே வாழ்ந்து, அதனோடே மாண்டார். 2011இல், ஆவணமற்ற இந்தியரைப் பதியும் 'மைடஃப்தார்' இயக்கம் தொடங்கியபோது அவர் உயிருடன் இல்லை. அவரை எவரும் எச்சோதனையும் செய்யவில்லை. சீட்டு எங்கே என்று மட்டுமே கேட்டார்கள்.

இரண்டாம் முறை எலுமிச்சம்பழமின்றிப் போனோம். வண்டி நேராக நின்றது. கிராண்டில் தம்பியின் பெயரும் மூன்று சக்கரமும் ஏறின. எண் பலகை மட்டும் பழையதே. மலாக்காவுக்குரிய 'எம்' எழுத்தோடு தொடங்கும் தந்தையாரின் அதே எண்.

மறுநாள் விடியற்காலையில் தம்பி தனியே சந்தைக்குப் போனான். ஒரு மணி நேரங்கழித்துக் கெம்போங் மீன் வாங்கிக்கொண்டு வந்தான். மீன் நேற்றையது, விலையும் கூடுதல். அம்மா ஒன்றும் சொல்லாமல் ஆயத் தொடங்கினார்.