மடியில் விட்ட பல்லி

ஊரில் அம்மாவுக்கு விஷயத்தைச் சொன்னபோது ரெலிபோனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "வேலியிலை போன ஓணானைப் பிடிச்சு மடியிலை விட்டிட்டு, குத்துது குடையுது எண்டானாம். உனக்கென்ன விசரே மோனை?" என்றா. ஓணான் இல்லை அம்மா, பல்லி என்றேன். "பல்லிக்கும் அங்கை காசு குடுக்கினமோ?" நாற்பது யூரோ என்று நான் சொல்லவில்லை.

மகளுக்கு ஒன்பது வயது. முதலில் நாய் கேட்டாள். மூன்றாம் மாடியில், இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டில் நாய் எப்படி வளர்ப்பது? பூனை கேட்டாள். மனைவிக்குப் பூனை மயிர் ஒத்துவராது. ஒருநாள் வகுப்புத் தோழி வீட்டில் ஒரு பல்லியைத் தூக்கிப் பார்த்துவிட்டு வந்து, அதுதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். "கையிலை வைச்சிருக்கலாம் அப்பா." அவளுக்கு வேறு நிபந்தனை எதுவும் இருக்கவில்லை.

எனக்கு என்னுடைய கைகள் ஞாபகம் வந்தன. அவளுடைய வயதில் ஈர்க்கின் நுனியில் சுருக்குப் போட்டு, பூவரசம் வேலியில் வெயில் காய்கிற ஓணானின் கழுத்தில் மாட்டி இழுப்போம். பிறகு செய்ததை இங்கே எழுத விருப்பமில்லை. அரணையைக் கண்டால் கல்லெடுப்போம். அரணை நக்கினால் மரணம் என்று பெரியவர்கள் சொல்லியிருந்தார்கள். அரணைக்கு நஞ்சே இல்லை என்பதை நான் அறிந்தது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில்தான். இரண்டு வருடம் விலங்கியல் படித்தேன், முடிக்கவில்லை. குசினியில் நின்று சட்டி கழுவியும் வெங்காயம் உரித்தும் போன வருடங்களில் அந்தப் படிப்பு எனக்கு உதவியது இந்தப் பல்லி விஷயத்தில்தான்.

எங்கள் வீட்டுச் சுவர்ப் பல்லியை ஏன் யாரும் கையில் வைத்திருப்பதில்லை? அதன் விரல்களின் அடியில் ஒட்டும் தகடுகள் உண்டு. விட்ட மறுகணம் முகட்டில் நிற்கும். மகள் பார்த்தது சிறுத்தைப் பல்லி. டொச்சில் லெயோபாட்கெக்கோ. பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வடமேற்கு இந்தியாவின் கல்லு நிலங்கள் அதன் சொந்த இடம். அதற்கு ஒட்டும் தகடு இல்லை, நகம்தான் உண்டு. சுவரில் ஏறாது, நிலத்தில் ஆறுதலாக நடக்கும். எங்கள் பல்லிக்கு இல்லாத கண்ணிமையும் அதற்கு உண்டு. மூடித் திறந்து பார்க்கும்போது மனிதர் பார்ப்பது போல இருக்கும். அதன் சொந்த இடத்துச் சனம் அதைக் கொடிய நஞ்சுள்ளது என்று நம்பி அடித்துக் கொல்வார்களாம். எல்லா ஊரிலும் ஒரு அரணை இருக்கிறது.

தாடி ஓணானையும் யோசித்தோம். அவுஸ்திரேலியப் பிராணி, இன்னும் சாது, பகலில் விழித்திருக்கும். ஆனால் அரை மீற்றர் வளரும், ஒன்றரை மீற்றர் நீளப் பெட்டி வேண்டும், வெயிலுக்குப் பதிலாகப் பெரிய விளக்குகள் எரிய வேண்டும். கரண்ட் பில்லை நினைத்து அதை விட்டோம். பச்சோந்தி பார்க்கத்தான் அழகு, தூக்கத் தூக்க நோயாளியாகும். இகுவானா ஒன்றரை மீற்றரையும் தாண்டும். ஊர்வனவற்றுக்கு எவ்வளவு இடம் கொடுக்க வேண்டும் என்று 1997இல் ஜேர்மன் விவசாய அமைச்சு ஓர் அறிக்கையே வெளியிட்டிருக்கிறது. உடல் நீளத்தின் மடங்காகக் கணக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஹைம்மில் நாலு பேர் ஒரு அறையில் படுத்த காலத்தில் எங்களை யாரும் நீளம் அளந்து பார்க்கவில்லை.

வாங்க முதல் பார்ப்போம் என்று ஹம் நகரத்துக்குப் போனோம். ஹம் என்றால் எங்கள் சனத்துக்கு 2002இல் குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்பாள்தான். ஊர்வன வளர்க்கிற உலகத்துக்கோ ஹம் என்றால் அங்கே சென்ட்றல்ஹாலனில் நடக்கும் டெராறிஸ்ரிக்கா சந்தை. ஐரோப்பா முழுவதிலும் இருந்து வருகிறார்கள். தேருக்கு வந்த சனம் போலத்தான் நெரிசல்.

அங்கே ஒரு கிழவர் என்னை எந்த நாடு என்று விசாரித்தார். இலங்கை என்றதும், "லிறியோசெபாலுஸ்!" என்று முகம் மலர்ந்தார். மூக்கில் உருண்டையாக ஒரு முண்டு உள்ள ஓணான். உலகத்தில் இலங்கையின் ஈரக் காடுகளில் மட்டும் வாழ்வது. நான் அதைப் புத்தகத்தில்தான் பார்த்திருக்கிறேன். அது தெற்கே, நான் வடக்கே. சீண்டினால் வாயைப் பிளந்து இரத்தச் சிவப்பான உள்வாயைக் காட்டும், கையில் தூக்கிக் கொஞ்சுகிற சாமான் இல்லை என்றார். அப்படியான எங்கள் நாட்டு ஓணான்கள் கடத்தப்பட்டு ஐரோப்பாவில் விலைப்பட்டதால், 2019இல் சைற்றெஸ் உடன்படிக்கையின் பட்டியலில் அவற்றைச் சேர்த்தார்கள். அந்த மாநாடு கொழும்பில் நடக்க இருந்தது. உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புக்குப் பிறகு ஜெனீவாவுக்கு மாறியது.

கடைசியில் பக்கத்து ஊரில், வீட்டிலேயே குஞ்சு பொரிக்க வைக்கிற ஓய்வுபெற்ற பஸ் சாரதி ஒருவரிடம் வாங்கினோம். மகள், கையில் வைத்ததும் அசையாமல் படுத்த ஒன்றைக் காட்டி, "இதுதான் நல்ல பிள்ளை" என்றாள். அவர் தலையை ஆட்டினார். அசையாமல் கிடப்பது பழக்கம் அல்ல, பயமோ நோயோ என்றார். எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. டோர்ச் வெளிச்சத்துக்கு முன்னால் அசையாமல் நிற்கிறவனை யாரும் சாது என்று சொல்லிவிடலாம். வால் தடித்திருக்க வேண்டும், கொழுப்பை அது வாலில்தான் சேமிக்கும். கண் தெளிவாக, விரல்களில் பழைய தோல் ஒட்டாமல் இருக்க வேண்டும். எங்கள் கண்முன் சில்வண்டைப் பிடித்துத் தின்ன வேண்டும். கையில் விட்டால் நாக்கால் தொட்டுத் தொட்டு நடக்க வேண்டும். எனிக்மா என்ற நிற வகையை வாங்கவே வேண்டாம் என்றார். அழகுக்காகப் பெருக்கிய வகை, நரம்புக் கோளாறில் தலை சரிந்து வட்டமிட்டுச் சுற்றும். நடந்து திரிந்த ஒரு மஞ்சள் குட்டியை எடுத்தோம்.

இரண்டு கிழமை தொடாதே என்று சொல்லி அனுப்பியிருந்தார். மூன்றாம் நாள், நான் வேலையில் நிற்க, மகள் மேலிருந்து கையை விட்டுப் பிடித்துவிட்டாள். மேலிருந்து வருவது அதற்குப் பருந்து. வால் கழன்றுவிட்டது. நான் வர நடுச்சாமம். பிள்ளை நித்திரை கொள்ளாமல் குளியலறையில் இருந்தாள். கழன்ற வால் கனநேரம் துடித்ததாம். "நான் உடைச்சுப் போட்டன்" என்று மட்டும் சொன்னாள். திரும்ப முளைக்கும் என்றேன். "அதே மாதிரியோ?" என்று கேட்டாள். அதே மாதிரி இல்லை, மொட்டையாக, தடிப்பாக வரும் என்றேன். பொய் சொல்லியிருக்கலாம் என்று மனைவிக்கு என்னில் கோபம்.

அதன் பிறகு அவள் பெட்டிப் பக்கமே போகவில்லை. வேலை முடிந்து வந்து தீன் போடுவது என் பொறுப்பானது. சுண்ணாம்புச் சத்துத் தூளில் சில்வண்டைப் பிரட்டிப் போடுவேன். அது இராப் பிராணி, நானும் அப்படித்தான். பொரித்த எண்ணெய் மணக்காமல் கையைக் கழுவிவிட்டு, உள்ளங்கையை மேலே பார்க்க வைத்து, பெட்டியின் தரையில் வைத்துக்கொண்டு இருப்பேன். வாலை உயர்த்தி மெல்ல ஆட்டினால் பயம், எடுத்துவிட வேண்டும். முளைத்து வந்த மொட்டை வாலாலும் அதைச் சொல்லும். பிறகும் ஒருதரம் கை கழுவுவேன். சல்மொனெல்லாவைப் பற்றி றெஸ்ரோறன்ற்காரனுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. ஏழாவது கிழமை என்று நினைக்கிறேன், ஒரு முன்னங்காலை என் விரலில் வைத்தது. குளிர்ந்த, சின்ன நகம். சூட்டுக்குத்தான் ஏறியது, அன்புக்கு அல்ல என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கால் விறைக்கும்வரை எழும்பவில்லை.

போன திங்கள் எங்கள் றெஸ்ரோறன்ற் பூட்டு. பின்னேரம் இருட்டியபோது மகள் வந்து பக்கத்தில் குந்தினாள். ஒன்றும் கேட்கவில்லை. சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, உள்ளங்கையை மேலே பார்க்க வைத்தாள். கனநேரம் ஒன்றும் நடக்கவில்லை. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"கதையாதேங்கோ அப்பா" என்றாள், என்னைப் பார்க்காமலே. "அது வருது."