இரண்டாங்குரல்

அப்புத்தளை என்றவுடன் வெளியூரார் நினைவுக்கு வருவன மூடுபனியும், தேயிலைச் சரிவும், மலைவிளிம்பில் ஊர்ந்து செல்லும் பதுளைப் புகையிரதமுமே. லிப்டன் சீட்டில் நின்று தென்புறத்துச் சமவெளியைக் கண்டு களித்துவிட்டு அவர்கள் திரும்பிவிடுகின்றனர். ஊவாவின் இச்சிறு நகர் இலங்கையின் மெல்லிசைக்கு ஒரு பெருங்கலைஞனைத் தந்தது என்பதை அவர்கள் அறியார். அவர்களைச் சொல்வானேன்? இங்கேயே வாழும் நம்மவரிற் பலரும் அதனை அறிந்திலர். அக்கலைஞர் கிளாரன்ஸ் விஜேவர்தன. 1943 ஆகஸ்ட் 3 ஆம் நாள் இவ்வூரிற் பிறந்தவர்.

ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபதுகளில் உலகெங்கும் இளைஞர் மூவர் நால்வராய்க் கித்தாரும் கையுமாகக் கூடி நின்று பாடத் தொடங்கிய காலம். இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழுவினர் பெயரை அறியாதார் அன்று இலர். நம் நாட்டிலும் நெவில் பெர்னாண்டோவின் 'லொஸ் கபலேரோஸ்', நொயெல் ரணசிங்கவின் 'லா சிலோனியன்ஸ்' என்னும் குழுக்கள் தோன்றி, மேற்கிந்தியத் தீவுகளின் கலிப்சோ மெட்டில் சிங்களப் பாடல்களைப் பல குரல்களில் இசைத்தன. இவ்வேளையில் கிளாரன்ஸும் அனஸ்லி மாலேவன என்னும் நண்பரும் சேர்ந்து 'மூன்ஸ்டோன்ஸ்' குழுவை அமைத்தனர். 1966 இல் 'மெங்கோ நெந்தா' என்ற பாடல் இலங்கை வானொலியில் ஒலித்தது. மாம்பழக்காரியைப் பற்றிய அவ்வெளிய பாடல் சின்னாட்களில் நாடெங்கும் பரவியது. பின்னர் ஜெரால்ட் விக்கிரமசூரியவின் 'சூரிய' இசைத்தட்டுக்கள் இத்தகைய குழுக்களின் குரலை வீடுதோறும் கொண்டு சேர்த்தன. இந்திராணி, மல்லிகா, இராங்கனி பெரேரா என்னும் உடன்பிறந்த பெண்கள் மூவர் 'திரீ சிஸ்டர்ஸ்' என்ற பெயரிற் பாடிப் புகழெய்தியதும் அக்காலத்திலேயே. மூவருள் இந்திராணி மூன்ஸ்டோன்ஸ் குழுவிலும் பாடியவர்.

இப்பாடல்களின் சிறப்பு யாது? நம் கோயிலிற் பசனை பாடும்போது நூறு பேர் பாடினும் எல்லாரும் ஒரே சுரத்தையே பாடுகின்றோம். தோட்டத்துக் காமன் கூத்திலோ ஒருவர் முன்பாட்டுப் பாட, மற்றையோர் அதனை வாங்கிப் பின்பாட்டாய்ப் பாடுவர். முன்னது சென்ற வழியே பின்னதும் செல்லும். மேலைநாட்டுக் குழுப்பாடலின் இயல்பு வேறு. முதற்குரல் சட்ஜத்தில் நிற்கும் அதே கணத்தில் இரண்டாங்குரல் காந்தாரத்திலும் மூன்றாங்குரல் பஞ்சமத்திலும் நிற்கும். ஒருவர் பாட்டை ஒருவர் பின்பற்றுவதில்லை. ஆயினும் ஒருவரையொருவர் விட்டு விலகுவதுமில்லை. வெவ்வேறாய் நின்றே ஒன்றாவது இக்கலை.

கேட்பவர் நெஞ்சிற் பதிவது முதற்குரலே. இரண்டாங்குரலைத் தனியே பிரித்துக் கேட்பார் அரியர். மூன்ஸ்டோன்ஸின் பல பாடல்களில் அனஸ்லி முன்னின்று பாடினார். கிளாரன்ஸோ மெட்டமைத்து, மின்கித்தாரை மீட்டி, துணைக்குரல் தந்து நின்றார். சிங்கள மெல்லிசையில் மின்கித்தாரை வேரூன்றச் செய்தவர் என்று இன்று போற்றப்படும் அவர், தம் குரலை மற்றொருவர் குரலுக்கு அணையாக வைக்கவும் அறிந்திருந்தார்.

எம் இல்லத்தில் இப்பாடல்களுக்கு ஒரு தனிக் கதை உண்டு. எமது தந்தையார் தேயிலைத் தொழிற்சாலையிற் பணிபுரிந்தவர். லயத்து வீட்டில் அவருக்கிருந்த ஒரே செல்வம் ஒரு வானொலிப் பெட்டி. தமிழ்ச் சேவை ஓய்ந்ததும் முள்ளைத் திருப்பிச் சிங்களப் பாடல்களையும் கேட்பார். 1983 ஆடிக் கலவரத்திற் பதுளையில் எம் உறவினர் ஒருவரின் கடை எரிந்து சாம்பலானது. நாம் அப்பொழுது சிறு பிள்ளை. அதன் பின்னர்ச் சிங்களப் பாட்டு ஒலிக்கக் கேட்டாலே எமது தாயார் ஓடிவந்து பெட்டியை நிறுத்திவிடுவார். தந்தையார் சினப்பதில்லை. "பாட்டு என்னா பாவம் செஞ்சிச்சு புள்ள?" என்று மட்டும் கேட்பார். சிறிது நேரங்கழித்து, ஒலியைக் குறைத்து, காதைப் பெட்டியோடு ஒட்டவைத்துக்கொண்டு கேட்பார். அன்னையின் அச்சமும் நியாயமானது. தந்தையின் கேள்வியும் நியாயமானது. இவ்விரண்டையும் ஒரே கூரையின்கீழ்க் கேட்டு வளர்ந்தோம் நாம். அவ்விரு குரல்களுள் எதனையும் இன்றுவரை எம்மால் அடக்கிவிட இயலவில்லை.

குழுக்களின் வாழ்வு குறுகியது. கைதட்டல் முதற்குரலுக்கே செல்லும்போது மற்றவர் மனம் நோவதும், புகழும் பொருளும் பங்கிடப்படும்போது நட்புத் தேய்வதும் உலக இயல்பு. 1960 இல் லிவர்பூல் நகரில் உருவான பீட்டில்ஸ் 1970 இற் பிரிந்தது. அந்நால்வரும் பின்னர் ஒருமுறையேனும் ஒரே மேடையிற் கூடிப் பாடவில்லை. 1980 இல் ஜோன் லெனன் சுட்டுக்கொல்லப்பட்ட பின்பு கூடுவதற்கு வழியுமில்லாது போயிற்று. அதே 1970 இற் கிளாரன்ஸும் மூன்ஸ்டோன்ஸை விட்டு நீங்கி 'கோல்டன் சைம்ஸ்' என்னும் புதிய குழுவைத் தொடங்கினார். ஆனால் இங்குக் கதை வேறு வழியிற் சென்றது. 1973 இல் அவரும் அனஸ்லியும் மீண்டும் சேர்ந்து 'சூப்பர் கோல்டன் சைம்ஸ்' குழுவைக் கண்டனர். மூன்றாண்டு பிரிந்திருந்த இரு குரல்கள் ஒன்றையொன்று தேடி வந்தன. அக்குழுவும் காலப்போக்கிற் கலைந்தது உண்மையே. கிளாரன்ஸ் 'சிக்குருலியா' (1975), 'அபேக்ஷா' (1978) முதலிய திரைப்படங்களுக்கு இசையமைத்து, 1996 டிசம்பர் 13 இல் தமது ஐம்பத்து மூன்றாம் வயதிற் காலமானார். குழுக்கள் கலைந்தன, குரல்கள் கூடிய பாடல்களோ இன்றும் நிலைத்துள்ளன.

சில ஆண்டுகளுக்கு முன் நாம் கற்பிக்கும் கல்லூரியின் ஆண்டு விழாவுக்கென மாணவியர் மூவரை இவ்வாறு பல குரலிற் பாடப் பயிற்றினார் எமது சங்கீத ஆசிரியை. இரண்டாங்குரல் வாய்த்த சிறுமி இரு நாள் ஒத்திகைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் அவளுடைய தாய், கொழுந்து நிறுத்துவிட்டு நேரே எம்மிடம் வந்தார். "எம் புள்ள கொரலு நல்லாத்தானே சார் இருக்கு? ஏன் பின்பாட்டுல போட்டுட்டீங்க?" என்று கேட்டார். அக்கேள்வியில் ஒரு பாட்டின் வருத்தம் மட்டும் இருக்கவில்லை. தலைமுறை தலைமுறையாய்ப் பின்வரிசையிலேயே நிறுத்தப்பட்டோரின் நோவு அதில் இருந்தது. அதற்கு விரிவுரை விடையாகாது. ஆசிரியை மற்ற இருவரையும் அழைத்து, இவள் இன்றிப் பாடச் செய்தார். பின்பு இவளையும் சேர்த்துப் பாடச் செய்தார். தாய் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டு நின்றார். முடிவில், "இவ இல்லாட்டி பாட்டு மொட்டையா நிக்குது சார்" என்றார். மறுநாளிலிருந்து அப்பெண் தவறாது ஒத்திகைக்கு வந்தாள்.

அத்தாயின் சொல்லை நாம் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதுண்டு. இரண்டாங்குரல் அடிமைக்குரல் அன்று. முதற்குரலையே திருப்பிச் சொல்வதாயின் அது வெறும் எதிரொலி. தனக்கென ஒரு சுரத்தைப் பற்றி நின்றால்தான் அது இரண்டாங்குரல். அதனை அடக்கிவிட்டு முதற்குரல் மட்டும் ஓங்கினும் பாட்டுக் குறைப்படும். இரண்டும் ஒன்றையொன்று கேளாது கத்தினும் பாட்டுக் கெடும். குடும்பத்துக்கும் இது பொருந்தும். பல மொழி பேசுவோர் வாழும் நாட்டுக்கும் பொருந்தும். ஏ. ஈ. மனோகரன் 'சுராங்கனி'யைச் சிங்களத்திலும் தமிழிலும் பாடியபோது இரு மொழியாரும் தாளம் போட்டனர். எவர் மொழியும் அதனாற் குன்றிவிடவில்லை. எனினும் மேடையில் எளிதாய்க் கூடும் சுருதி வீதியிற் கூடுவதற்குச் சட்டமும் நீதியும் துணைநிற்றல் வேண்டும். பாட்டு மட்டும் எரிந்த கடையைக் கட்டித் தராது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

ஆயினும் பாட்டினால் ஆவதும் ஒன்று உண்டு. மற்றவர் குரலைக் கேட்டுக்கொண்டே நம் குரலை இழவாதிருக்கும் பழக்கத்தை அது தரும். அப்பழக்கம் இளமையிலேயே வருதல் நலம். பெற்றோரே, உங்கள் பிள்ளைகள் தனியே பாடிப் பரிசு பெறுவது கண்டு மகிழுங்கள். கூடவே, பிறரோடு கூடி நின்று பாடவும் அவர்களை அனுப்புங்கள். அங்கே உங்கள் மகளுக்கு இரண்டாங்குரல் வாய்த்தால் வருந்தாதீர்கள். அவள் பற்றி நிற்கும் சுரத்தின்மேல்தான் பாட்டு முழுவதும் நின்றுகொண்டிருக்கும்.