1897 ஆம் ஆண்டுச் சட்டமும் ஒரு தாயின் ஜனாஸாவும்

பத்திரிகைத் தொழிலில் நான் எழுதிய தலைப்புகளுள் மறக்க விரும்புகின்றவையும் உண்டு. 2020 ஏப்ரலில் எழுதிய ஒன்று அத்தகையது. கொவிட் தொற்றினால் இறப்போரின் உடல்கள் கட்டாயம் தகனம் செய்யப்பட வேண்டும் என்ற வர்த்தமானி அறிவித்தல் அம்மாதம் 11 ஆம் திகதி வெளியானது. வந்தவாறே அதனைத் தலைப்பாக்கி அச்சுக்கு அனுப்பினேன். நல்லடக்கமும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் மார்ச் மாதமே கூறியிருந்ததை அறிந்திருந்தும், அந்த ஒரு வரியை நான் சேர்க்கவில்லை. ஊரடங்கு, ஆட்பற்றாக்குறை என்று காரணங்கள் கூறலாம். உண்மையான காரணம் பயம்.

அவ்வறிவித்தலின் வேர் 1897 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கத் தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டம். பம்பாயில் பிளேக் தோன்றிய மறு ஆண்டு, எம் முன்னோரை நோய்காவிகளாகக் கண்ட வெள்ளையராட்சி இயற்றியது. இந்தியாவிலும் அதே ஆண்டில் ஒன்று வந்தது. புனேயில் படையினர் வீடு வீடாகப் புகுந்து சோதனையிட்டதன் சீற்றம் அவ்வாண்டே ஓர் ஆங்கிலேய அதிகாரியின் கொலையில் முடிந்தது. சுதந்திரம் பெற்று 72 ஆண்டுகளின் பின், அந்தப் பழைய சட்டத்தின் கீழ் புதிய விதியொன்றை நாமே எழுதினோம்.

நாட்கூலியை இழந்த குடும்பங்களுக்கு அரசு 5000 ரூபா வழங்கிய காலம் அது. அது எத்தனை நாளைக்குக் காணும்? மே 21 ஆம் திகதி, நோன்பு மாதத்தில், மாளிகாவத்தையில் வர்த்தகர் ஒருவர் கொடுத்த பணத்தைப் பெற முண்டியடித்த நெரிசலில் மூன்று பெண்கள் மாண்டார்கள்.

எமது பக்க வடிவமைப்பாளர் ஒரு முஸ்லிம் இளைஞர். என் தலைப்பைப் பக்கத்தில் அமைத்தவரும் அவரே. அவ்வாண்டு நவம்பரில் அவரது தாயார் வைத்தியசாலையில் காலமானார். உடலை எரித்தார்கள். சாம்பலைப் பெற அவர் செல்லவில்லை. ஆறுதல் கூறுவதாக எண்ணிக்கொண்டு, "எங்களிடம் எரிப்பதுதானே வழக்கம் தம்பி" என்றேன். இன்றும் அதை நினைத்தால் கூசுகிறது.

"உங்கட அம்மாவக் கேட்காம பொதச்சிருந்தா என்ன செய்திருப்பீங்க சேர்?"

டிசம்பர் முதலாம் திகதி, முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் தாக்கல் செய்த மனுக்களை விசாரணைக்கு ஏற்க உயர் நீதிமன்றம் மறுத்தது. அதே மாதம், பிறந்து இருபதே நாளான சிசுவொன்று பெற்றோர் சம்மதமின்றி எரிக்கப்பட்டது. பொரளை மயான வேலியில் பல மதத்தவரும் வெள்ளைத்துணி கட்டினார்கள். நானும் சென்றேன். துணி கொண்டு செல்லவில்லை. குறிப்பேடு மட்டும் கையில் இருந்தது.

2021 பெப்ரவரியில் பாகிஸ்தான் பிரதமர் வந்து சென்ற கையோடு விதி திருத்தப்பட்டது. எம் மக்களின் கண்ணீருக்கு இல்லாத வலு ஒரு விருந்தாளியின் வருகைக்கு இருந்தது போலும். மார்ச் 5 ஆம் திகதி முதல் மட்டக்களப்பு மாவட்டத்தின் ஓட்டமாவடியில் மாத்திரம் அடக்க அனுமதித்தார்கள். கொழும்பில் இறந்தவரும் தீவின் மறுபக்கம் வரை, படையினரின் மேற்பார்வையில் செல்ல வேண்டியிருந்தது.

2024 ஜூலையில், கட்டாயத் தகனத்திற்காக மன்னிப்புக் கோர அமைச்சரவை தீர்மானித்தது. அன்றிரவு அந்தத் தம்பிக்குத் தொலைபேசி எடுத்தேன். வேலையை விட்டு நெடுநாளாகியிருந்தது அவர். நான் சொன்னதைக் கேட்டுச் சிறிது நேரம் பேசாதிருந்தார்.

"எத்தனையாம் பக்கத்தில போடுறாங்க சேர்?" என்று கேட்டார்.