பழைய ஜீப்பும் பேணும் கைகளும்

பொருளை ஈட்டுவது ஒரு திறமை என்றால், ஈட்டிய பொருளைப் பேணிக் காப்பது அதனினும் பெரியதொரு திறமை. தையல் எந்திரத்துக்குத் தவறாமல் எண்ணெய் விடுகின்ற பெண்மணிக்கும், கிணற்றடி மோட்டாரின் ஓசையைக் கேட்டே அதன் குறையைச் சொல்லிவிடும் உழவருக்கும் இவ்வுண்மை தெரியும். ஆயினும், பழுதானால் கடைக்கு அனுப்பு, பழையதானால் விற்றுவிடு என்னும் பழக்கம் இன்று நம் இல்லங்களில் வேரூன்றி வருகின்றது. அப்பழக்கத்துக்கு இணங்காத ஒரு பொருள் நமது வீட்டு முற்றத்தில் நிற்கின்றது. அது ஒரு பழைய டீசல் ஜீப். அதனைப் பேணுவதில் நாம் கற்றவற்றை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவர்களுக்கு ஜீப்பைப் பற்றி அறிமுகம் வேண்டியதில்லை. மேற்கே நிமிர்ந்து பார்த்தால் மலை; மலைக்கு அப்பால் இடுக்கியின் ஏலத் தோட்டங்கள். பொழுது புலருமுன் தோட்டவேலைக்குச் செல்வோரை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் வரிசையாக மலையேறுவது இப்பகுதியின் அன்றாடக் காட்சி. மழைக்காலத்தில் தோட்டத்துப் பாதைகள் சேறும் சறுக்கலுமாகிவிடும். நான்கு சக்கரங்களும் சேர்ந்து இழுத்தாலன்றி அங்கே வண்டி நகராது. நம் அத்தா சிறியதொரு ஏலத் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்த காலத்தில், 1990ஆம் ஆண்டு, மஹிந்திரா எம்.எம். 540 வண்டியொன்றை வாங்கினார்கள். குத்தகை முடிந்தது, அத்தாவும் இறைவனடி சேர்ந்துவிட்டார்கள். வண்டி மட்டும் நிற்கின்றது.

இவ்வண்டியைச் செய்த நிறுவனத்தின் வரலாற்றில் நம்மவர்க்குச் சுவை தரும் செய்தியொன்று உண்டு. 1945ஆம் ஆண்டில் இரும்பு வணிகத்துக்காக அது தொடங்கப்பட்டபோது, அதன் பெயர் 'மஹிந்திரா அண்டு முஹம்மத்' என்பதாகும். மஹிந்திரா சகோதரர்கள் இருவருடன் கூட்டாளியாக இருந்தவர் மாலிக் குலாம் முஹம்மத். நாடு பிரிந்தபோது அவர் பாகிஸ்தானுக்குச் சென்று, அந்நாட்டின் முதல் நிதியமைச்சரானார். 1951இல் தலைமை ஆளுநராகவும் ஆனார். இங்கே 1948இல் நிறுவனத்தின் பெயர் 'மஹிந்திரா அண்டு மஹிந்திரா' என மாறிற்று. பெயர் மாறினும் 'எம்', 'எம்' என்னும் இரண்டு எழுத்துகள் மாறவில்லை. நமது வண்டியின் பெயரிலும் அவ்விரண்டு எழுத்துகளே நிற்கின்றன.

இனி வண்டியின் உள்ளத்தைப் பார்ப்போம். எம்.எம். 540இல் இருப்பது பிரான்சு நாட்டுப் பெஜோ நிறுவனத்தின் வடிவமைப்பில் அமைந்த டீசல் என்ஜின். நான்கு சிலிண்டர்கள், ஒவ்வொன்றின் விட்டம் 90 மில்லிமீட்டர், மொத்தக் கொள்ளளவு 2112 கன சென்டிமீட்டர். பெட்ரோல் என்ஜினைப் போல இதற்குத் தீப்பொறி தரும் பிளக் கிடையாது. காற்றைச் சுமார் 20 மடங்கு சுருக்கும்போது அது 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறுகின்றது. அந்தச் சூட்டில் டீசலைப் பனித்துளியினும் நுண்ணியதாகத் தெளித்தால் தானே பற்றிக்கொள்கின்றது. டீசல் வண்டியைப் பேணுவோர் அறியவேண்டிய அடிப்படை இதுதான். காற்று தூய்மையாகச் செல்லவேண்டும். டீசல் தூய்மையாகச் செல்லவேண்டும். சுருக்கும் வலிமை குறையாதிருக்கவேண்டும். வண்டி கிளம்ப மறுக்கும் வேளைகளில் பெரும்பாலும் இம்மூன்றில் ஒன்றே குறைந்திருக்கும்.

குளிர்ந்த விடியலில் வண்டி கிளம்ப மறுத்தால், முதலில் பார்க்கவேண்டியது ஹீட்டர் பிளக். சிலிண்டருக்குள் முன்கூட்டியே சூடேற்றித் தருவது அதன் வேலை. பகலிலும் கிளம்பாவிட்டால், டீசல் குழாயில் காற்று புகுந்திருக்கின்றதா என்று ஐயுறவேண்டும். இதனை மெக்கானிக்குகள் 'ஏர் லாக்' என்பார்கள். ஃபில்டரின் தலையில் உள்ள சிறு திருகைத் தளர்த்திவிட்டுக் கைப்பம்பை அழுத்தினால், முதலில் நுரையாக வரும். பிறகு நுரை குறையும். கடைசியில் தெளிந்த டீசல் வடியும். அப்போது திருகை இறுக்கிவிடலாம். காற்றை வெளியேற்றுவதோடு வேலை முடிந்துவிடாது. அது எந்த இணைப்பின் வழியே புகுந்தது என்பதையும் கண்டுபிடிக்கவேண்டும். வாசர் தேய்ந்திருக்கலாம், ரப்பர்க் குழாய் வெடித்திருக்கலாம். காரணத்தைக் காணாமல் காற்றை மட்டும் எடுத்தால், மறுநாள் அதே வேலை காத்திருக்கும்.

டீசலில் நீர் கலந்திருப்பதும் கேடு. நீர் கனமானதாகையால் டாங்கின் அடியில் தங்கும். பம்பையும் நாசிலையும் துருப்பிடிக்கச் செய்யும். ஆகவே ஃபில்டரின் அடியில் தேங்கும் நீரை அவ்வப்போது வடித்துவிடுகின்றோம். வடித்ததை ஒரு கண்ணாடிப் புட்டியில் பிடித்துச் சிறிது நேரம் வைத்தால், நீர் கீழும் டீசல் மேலுமாகப் பிரிந்து தெரியும். நம் மகளுக்குப் பள்ளியில் சொல்லிக்கொடுத்த அடர்த்திப் பாடம், அந்தப் புட்டியைப் பார்த்த பிறகுதான் மனத்தில் பதிந்தது என்று அவளே சொல்கின்றாள்.

பிணியாளரின் முகம் பார்த்து மருத்துவர் பிணியறிவது போல, புகையின் நிறம் பார்த்து வண்டியின் பிணியை அறியலாம். கரும்புகை, டீசல் மிகுதியாலோ காற்றுக் குறைவாலோ எரிதல் முற்றுப்பெறவில்லை என்று சொல்லும். நீலப்புகை, என்ஜின் ஆயில் எரிகின்றது என்று சொல்லும். சூடேறிய பிறகும் வெண்புகை நின்றால், எரியாத டீசலோ நீராவியோ வருகின்றது என்பது பொருள். ரேடியேட்டரில் நீர் காரணமின்றிக் குறைந்து, ஆயில் பால் கலந்த தேநீர் போலத் தோன்றுமாயின், ஹெட் காஸ்கெட்டைத்தான் முதலில் ஐயுறவேண்டும். அந்நிலையில் வண்டியை ஓட்டவே கூடாது.

புகையைப் பற்றிப் பேசும்போது அதன் தீமையையும் மறைக்கலாகாது. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2012இல் வகைப்படுத்தியது. பழைய வண்டியில் புகையை வடிகட்டும் நவீனக் கருவிகள் இல்லை. நம் வீட்டுப் பிள்ளையின் மூச்சும் அடுத்த வீட்டுப் பிள்ளையின் மூச்சும் ஒன்றுதான். ஆகவே மூடிய கொட்டகையில் என்ஜினை ஓடவிடுவதில்லை. ஏர் ஃபில்டரையும் நாசிலையும் கவனிப்பதில் தாமதிப்பதுமில்லை.

நான்கு சக்கர இழுவையைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பலரிடம் உண்டு. அதை எப்போதும் போட்டே ஓட்டினால் வண்டிக்குப் பலம் என்று நினைக்கின்றார்கள். வளைவில் திரும்பும்போது முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் ஒரே தொலைவை உருள்வதில்லை. சேற்றிலும் மணலிலும் சக்கரம் சற்றே வழுக்கி அந்த வேறுபாட்டைத் தீர்த்துக்கொள்ளும். காய்ந்த தார்ச்சாலையில் வழுக்க இடமில்லை. ஆதலால் அந்த முறுக்கு முழுவதும் டிரான்ஸ்பர் கேஸிலும் தண்டுகளிலும் ஏறுகின்றது. இவ்வகை ஜீப்புகளில் தார்ச்சாலைக்கு இரு சக்கர இழுவையே ஏற்றது. அதேபோல, மாதக்கணக்கில் அதனைத் தொடாமல் விடுவதும் நன்றன்று. நாம் மாதம் ஒருமுறை மண்பாதையில் சிறிது தொலைவு போட்டு ஓட்டி, ஆயில் எல்லாப் பற்சக்கரங்களிலும் படியச் செய்கின்றோம். தண்டுகளின் யுனிவர்சல் ஜாயிண்டுகளுக்கும் பட்டைகளின் முனைகளுக்கும் கிரீஸ் அடிப்பது, சேற்றில் ஓடிவந்த ஒவ்வொரு முறையும் செய்யவேண்டிய வேலை. பழைய கிரீஸ் சேற்றோடு பிதுங்கி வெளியேறிப் புதியது எட்டிப் பார்க்கும் வரை அடிக்கவேண்டும்.

இவையெல்லாம் வண்டி ஓடுவதற்கான வேலைகள். ஓடுகின்ற வண்டி நிற்பதற்கான வேலை இவற்றினும் பெரிது. வெள்ளிதோறும் காலையில் ஆயில், நீர், பிரேக் ஆயில், டயர், விளக்கு ஆகிய ஐந்தையும் பார்ப்பது அத்தா காலத்திலிருந்தே நம் வீட்டு வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வெள்ளியன்று பிரேக் ஆயில் அரை விரல் அளவு குறைந்திருந்தது. மறுநாள் மலைமேல் உறவினர் வீட்டு நிக்காஹ். எட்டுப் பேர் நம் ஜீப்பில் செல்வதாக ஏற்பாடு. நாம் வண்டி வராது என்று சொல்லிவிட்டோம்.

மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன மாப்ளே, கொஞ்சம் ஆயில ஊத்திட்டு வா! அரை விரல் கொறஞ்சதுக்கா இந்தப் பேச்சு?" என்றார்கள். "ஊத்தலாம் மாமா, கொறஞ்சது எங்க போச்சுன்னு தெரியாம எறக்கத்துல எறங்க முடியாது" என்றோம். அவர்கள் வேறு வண்டி பிடித்துச் சென்றார்கள். அன்று மாலையே சக்கரங்களைக் கழற்றினோம். பின்புற இடச் சக்கரத்தின் வீல் சிலிண்டரில் ரப்பர் தேய்ந்து, ஆயில் கசிந்து, பிரேக் லைனிங் முழுவதும் ஊறிக் கிடந்தது. மலைச்சரிவில் அழுந்த மிதித்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை எழுதத் தேவையில்லை. ஊர் திரும்பிய மாமா அந்த லைனிங்கைக் கையில் வாங்கிப் பார்த்தார்கள். ஒன்றும் பேசவில்லை. அடுத்த முறை மலைக்குப் புறப்படும்போது, "பிரேக் பாத்தியா மாப்ளே?" என்று அவர்களே கேட்டார்கள்.

வீல் சிலிண்டரை மாற்றிய பிறகு குழாயில் உள்ள காற்றை எடுக்கவேண்டும். அதற்கு இருவர் வேண்டும். ஒருவர் மிதிக்க, ஒருவர் சக்கரத்தருகே திருகைத் திறந்து மூட. அன்று மிதித்தவர் நம் தாயார். எழுபது வயதில் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து, "மிதிங்கம்மா... பிடிங்க... விடுங்க" என்னும் சொல்லுக்கு ஏற்ப அவர்கள் மிதித்த மிதியில் காற்று முழுவதும் வெளியேறிற்று. "ஒங்க அத்தாவுக்கும் நாந்தான் மிதிச்சுக் குடுப்பேன்" என்று அவர்கள் சொன்னபோதுதான், இவ்வண்டியைப் பேணிய கைகளோடு கால்களும் உண்டு என்பதை உணர்ந்தோம். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. ஈரமேறிய ஆயில், இறக்கத்தில் பிரேக் சூடேறும்போது எளிதில் கொதித்துக் குமிழியாகும். மிதி தரையில் போய் அமரும். ஆகவே குறையாவிட்டாலும் இரண்டாண்டுக்கு ஒருமுறை முற்றிலும் மாற்றிவிடுகின்றோம்.

வீட்டில் செய்யலாம் என்பதனால் அனைத்தையும் வீட்டில் செய்யலாம் என்று வாசகர்கள் கொள்ளவேண்டாம். டீசல் பம்பைப் பிரிப்பதும் நாசிலின் அழுத்தத்தைச் சரிசெய்வதும் சோதனை மேசை உள்ள பம்ப் கடையில் செய்யவேண்டியவை. நாசிலிலிருந்து பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உடலுக்குள் புகும் வலிமையுடையது. அதன்முன் விரலை நீட்டுவது பேராபத்து. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் நுழைவதும் அவ்வாறே; உறுதியான தாங்கிகளை வைத்து, மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்த பின்னரே நுழையவேண்டும். அறிந்ததைச் செய்வதும், அறியாததை அறிந்தவரிடம் ஒப்படைப்பதும், இரண்டும் பேணுதலின் பகுதிகளே.

'இத்தனை பாடுபடுவதற்கு விற்றுவிடலாமே' என்று கேட்போர் உளர். கணக்குப் பார்த்தால் அவர்கள் சொல்வதில் நியாயமுண்டு. சொந்த வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை சோதனைக்குக் காட்டிப் புதுப்பிக்கவேண்டும். 2005 முதல் நாம் ஐந்து முறை புதுப்பித்துவிட்டோம். உதிரிப் பாகங்களுக்காகக் கடைகடையாக அலையவும் நேர்கின்றது. புகையின் தீமையை மேலே சொன்னோம். என்றேனும் ஒருநாள், சட்டம் போதுமென்று சொல்லும். அல்லது அடிச்சட்டத்தைத் தின்னும் துரு போதுமென்று சொல்லும். அன்று வண்டியை மனக்கசப்பின்றி விட்டுவிடுவோம். நினைவின்பொருட்டு ஆபத்தான வண்டியை ஓட்டுவது அத்தாவுக்குச் செய்யும் மரியாதையாகாது.

ஆனால் அந்நாள் வரும்வரை, ஏறி அமர்கின்றவர்களின் உயிர் நம்மிடம் அமானிதமாக இருக்கின்றது. வாடகை வண்டியானாலும் புத்தம் புதிய காரானாலும் இது பொதுவே. எல்லாரும் ஸ்பானரைக் கையிலெடுக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. வாரம் ஒருநாள் பானெட்டைத் திறந்து பாருங்கள். குறைந்தது எங்கே போயிற்று என்று கேளுங்கள். பார்க்கும்போது பிள்ளைகளையும், ஆண் பெண் என்று பாராமல், பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். நம் மகள் இப்போது வெள்ளிக்கிழமைகளில் நமக்கு முன்னரே துணியை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்துவிடுகின்றாள். ஜீப் போனாலும் அந்தப் பழக்கம் அவளோடு இருக்கும்.