இரண்டே இடமுள்ள காரில் பாட்டு

காருக்குப் பாட்டுப் பெட்டி வைத்த கதையைச் சொல்லப் போகிறேன் என்றதும், "இது ஆண்பிள்ளைகள் சமாசாரம்" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! இதில் கணவர், பிள்ளை, தோல், நெருப்பு எல்லாம் வருகின்றன.

எங்களுக்கு ஆம்பூர். பிரியாணியையும் பூட்ஸையும் சொன்னால் ஊர் உங்களுக்கு ஞாபகம் வந்துவிடும். என் வீட்டுக்காரர் 31 வருஷம் டேனரியில் வேலை பார்த்தவர், பெரும்பாலும் ஷேவிங் மெஷினில். நீலமாக, ஈரமாக வரும் தோலைச் சுழலும் கத்தி உருளையில் கொடுத்து ஒரே கனமாகச் சீவுகிற இயந்திரம் அது. செருப்புத் தோல் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேலே இருக்கும். அதில் பத்தில் ஒரு பங்கு கூடினாலும் குறைந்தாலும் கேள்வி வரும். விரலால் தடவியே கனம் சொல்வார் இவர். விரல் கூர்மையாயிற்று, காது போயிற்று. கத்தியைக் கல்லில் தீட்டும்போது எழும் கிறீச்சொலி இருக்கிறதே, அதைக் கேட்டவர்களுக்குத்தான் தெரியும். 8 மணி நேரத்துக்கு 85 டெசிபலுக்கு மேல் போனால் காதுக்குக் கெடுதல் என்கிறார்கள். அந்தக் காலத்தில் இவருக்கு டெசிபலைத் தெரியாது; பஞ்சைத் தெரியும். அதையும் பாதி நாள் வைத்துக்கொள்ளமாட்டார்.

இப்படிக் கெடும் காது முழுச் செவிடாவதில்லை. அதுதான் வேடிக்கை, அதுதான் வேதனை. கீச்சுக் குரல்கள், மெல்லிய ஒலிகள் முதலில் போகின்றன. 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில்தான் முதல் பள்ளம் விழுமாம். பேச்சின் உயிரெழுத்து கேட்கும். அதோடு ஒட்டிய ச, த, க, ப நழுவிவிடும். "பால் வேணுமா?" என்று கேட்டால் இவர் குனிந்து காலைப் பார்த்துக்கொள்வார். நான் கத்துவேன். கத்தினால் குரல் உயருமே தவிர எழுத்து தெளியாது. அடுத்த வீட்டார் தினமும் எங்கள் வீட்டில் சண்டை என்று நினைத்திருக்கிறார்கள்!

வேலூரில் செவிச் சோதனை செய்து, கருவியும் வாங்கினோம். "பாத்திரக் கடைக்குள்ளே உட்கார்ந்த மாதிரி இருக்கு" என்று மூன்றாம் நாளே கழற்றிப் பீரோவில் வைத்துவிட்டார். என் பிள்ளை அப்பாவோடு பேசுவதையே மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டான். "சரிப்பா", "வரேம்பா", அவ்வளவுதான். அவனைக் கோபிப்பேன், ஆனால் நானும் அப்படித்தான் ஆகிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் பிள்ளை ஒரு சிவப்புக் காரைப் பழைய விலைக்கு வாங்கிக்கொண்டு வந்து நின்றான். சான் ஸ்டார்ம் என்று பெயர். கோவாவில் கட்டிய ஸ்போர்ட்ஸ் கார். இப்போது தயாரிப்பு இல்லை. கூரையைத் திறந்து மூடலாம். உடம்பு ஃபைபர், உள்ளே இரும்புச் சட்டம். இருக்கையோ இரண்டே இரண்டு! "நாம மூணு பேராச்சேடா?" என்றேன். "அம்மா, அப்பாவுக்குக் காத்தாட ஒரு சவாரி" என்றான். முதல் ஞாயிறு இருவரும் போனார்கள். கூரை திறந்த காரில் காற்றிரைச்சல். அதற்கு மேல் சின்ன ரேடியோ. இவர் ரேடியோவைத் தட்டிப் பார்த்து, "இது ரிப்பேரா?" என்று கேட்டாராம். சிறு வயதில் இலங்கை வானொலிக்காகத் தெருமுனைக் கடையில் நின்ற மனுஷர்!

அதிலிருந்து பிள்ளைக்கு ஒரே பிடிவாதம், ஆம்ப்ளிஃபயர் வைக்கவேண்டும் என்று. எனக்கு ஆத்திரம் வந்தது. சத்தத்தால் போன காதுக்கு இன்னும் சத்தமா? "சத்தத்துக்கு இல்லேம்மா, தெளிவுக்கு" என்றான். ரேடியோவுக்குள் இருக்கும் சின்னப் பெருக்கியைச் சக்திக்கு மீறி முடுக்கினால் ஒலியின் உச்சிகள் வெட்டுப்பட்டுக் கரகரக்கும். பெரிய பெருக்கி அதே அளவை அலுங்காமல் கொடுக்கும். அரைப்படிப் பாத்திரத்தில் முக்கால் படி அரிசி வைத்தால் பொங்கி வழிவதுதானே, என்று எனக்கு நானே அர்த்தம் பண்ணிக்கொண்டேன்.

வேலை தெரிந்தவன் என்று ஒரு பையனை யாரோ அனுப்பினார்கள். இரண்டு மணி நேரத்தில் முடித்துவிட்டுப் போனான். காரை முடுக்கியதும் பாட்டின் நடுவே "கீ" என்று ஓர் ஊளை. ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க ஊளை ஏறுகிறது. நானும் பிள்ளையும் காதைப் பொத்தினோம். இவர் மட்டும் சிரித்துக்கொண்டே, "நல்லாத்தானே இருக்கு!" என்றார். அந்த ஊளை இவர் காதுக்கு எட்டவேயில்லை! பிள்ளை சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். நான் காப்பி போடப் போவதுபோல உள்ளே போய்விட்டேன்.

மறுநாள் இருவரும் வேலூர்ச் சாலையில் போயிருக்கிறார்கள். மாதனூர் தாண்டியதும் இவர், "ரப்பர் கருகுது, நிறுத்து" என்றிருக்கிறார். பிள்ளைக்கு வாசனையே தெரியவில்லையாம். நிறுத்திச் சாவியைத் திருப்பி அணைத்தான். அப்போதுதான் புகை கண்ணுக்குத் தெரிந்தது. அணைத்த பிறகும் நிற்கவில்லை. எப்படி நிற்கும்? ஆம்ப்ளிஃபயர் வயர் சாவியின் வழியாக வருவதில்லையே. பாட்டரியிலிருந்து நேரே வருவது. இவர் பானெட்டைத் திறந்து, ஸ்பானரை வாங்கி, பாட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிப் போட்டார். பாஸிட்டிவைத் தொட்டிருந்தால் ஸ்பானர் இரும்பில் பட்டுப் பொறி பறந்திருக்கும். மெஷினோடு வாழ்ந்த கை அல்லவா, யோசிக்காமலே செய்தது.

வீட்டுக்கு இழுத்து வந்து பிரித்துப் பார்த்தார்கள். இரும்புச் சட்டத்தின் விளிம்பில் வயர் உரசி, மேலுறை தேய்ந்து, விட்டு விட்டு இரும்பைத் தொட்டிருக்கிறது. பாட்டரி அருகில் ஃப்யூஸே இல்லை! பாட்டரியிலிருந்து ஒரு முழத்துக்குள் ஃப்யூஸ் இருக்கவேண்டும் என்பது இந்த வேலையின் முதல் பாடமாம். அது ஆம்ப்ளிஃபயரைக் காப்பதற்கு அல்ல, வயரைக் காப்பதற்கு. நம் வீட்டு மின்விசிறி ஓர் ஆம்பியரில் மூன்றில் ஒரு பங்குதான் இழுக்கும். 12 வோல்ட் பாட்டரியில் ஓடும் இந்தச் சாமான் முழு வேகத்தில் 20, 25 ஆம்பியர்கூட இழுக்குமாம். ஆகவே வயர் தடியாக இருக்கவேண்டும்.

பழைய வயரை எடுத்து இவர் பிளேடால் கீறினார். உள்ளே வெள்ளை! அலுமினியத்துக்கு மேல் செம்புப் பூச்சு. கவரிங் நகைதான், போங்கள்.

பிள்ளை சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் நல்ல செம்பு வயரும் ஃப்யூஸும் வாங்கி வந்தான். அடுத்த ஞாயிறு அப்பாவும் பிள்ளையும் முற்றத்தில் உட்கார்ந்தார்கள். ஊளைக்குக் காரணம் எர்த் வயர். சாதாரணக் காரில் தகட்டிலேயே எர்த்தை முடுக்கிவிடலாம். இந்தக் காரின் உடம்போ ஃபைபர், மின்சாரம் பாயாது. அந்தப் பையன் ஏதோ ஓர் ஒட்டுப் பட்டையில் முடுக்கிவிட்டுப் போயிருந்தான். இவர்கள் அடிச்சட்டத்துக்கே கொண்டுபோய், பெயிண்டைச் சுரண்டி, இரும்பு பளிச்சென்று தெரிந்த இடத்தில் இறுக்கினார்கள். பாட்டு வரும் வயரையும் மின்சார வயரையும், கல்யாணப் பந்தலில் சம்பந்திகளை உட்கார்த்துவதுபோல, ஆளுக்கொரு பக்கமாக விட்டார்கள்.

வயர் நுழையும் துவாரத்துக்குத் தோலில் ஒரு வளையம் வெட்டிப் போடலாம் என்றான் பிள்ளை. "நம்ம ஊர்த் தோலாச்சே!" இவர் தலையை ஆட்டினார். "தோல் தண்ணி குடிக்கும்டா. அங்கே ரப்பர்தான்." அப்புறம் பழைய பெட்டியைக் குடைந்து ஒரு துண்டுத் தோலை எடுத்து, உள்பக்கம் வயர்களைச் சேர்த்துப் பிடிக்க அழகாக ஒரு வார் தைத்துக் கொடுத்தார். எங்கள் பக்கத்து வெயில்தான் உங்களுக்குத் தெரியுமே. ஆம்ப்ளிஃபயருக்குக் காற்று வரட்டும் என்று அதை மூடாமல் விட்டார்கள். அன்று அவர்கள் பேசியது அந்த வருஷம் முழுவதும் பேசியதைவிட அதிகம். ஆறு தடவை சாப்பிடக் கூப்பிட்டேன். இருவருக்குமே காது கேட்கவில்லை!

பிறகு வேலூரில் கொடுத்த செவிச் சோதனைத் தாளை மடியில் வைத்துக்கொண்டு, பிள்ளை இசைப்பானைச் சரிசெய்தான். தவுல் மாதிரி அதிரும் கீழ் ஒலியைக் குறைத்தான். அப்பாவுக்குப் பள்ளம் விழுந்த பக்கத்தைக் கொஞ்சமாக உயர்த்தினான். எவ்வளவு சத்தம் என்பதற்கு என் காதுதான் தராசு. எனக்கு வலிக்காத இடத்தில் நிறுத்தி, குமிழில் நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்தேன். அதைத் தாண்டக்கூடாது என்பது என் உத்தரவு.

ஏலகிரிக்குப் போனார்கள். 14 கொண்டை ஊசி வளைவு, சுசீலா அம்மாவின் பாட்டு, அப்பா, பிள்ளை. நான் வீட்டில் குழம்பு. இருட்டுகிற நேரத்துக்குத் திரும்பி வந்தவர், செருப்பைக்கூடக் கழற்றாமல், "அந்தப் பாட்டிலே பின்னாலே புல்லாங்குழல் வருது, உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். எனக்கு நாற்பது வருஷமாகத் தெரியும். "அப்படியா?" என்றேன்.

சாப்பிடும்போது மெதுவாகக் கேட்டார்: "அந்தக் காதுக் கருவியும் ஆம்ப்ளிஃபயர்தானே? அதையும் இப்படித் திருகிச் சரி பண்ணுவாங்களா?" பிள்ளை என்னைப் பார்த்தான். மூன்று முறை சரிசெய்ய வரவேண்டும் என்று வேலூரில் அன்றே சொன்னார்கள். இவர்தான் ஒரு தடவைகூடப் போகவில்லை. நான் எழுந்து போய்ப் பீரோவைத் திறந்தேன்.

வியாழக்கிழமை போகிறோம். அவர்கள் காரில்; நான் பஸ்ஸில்.