தானம் கொடுத்த மாட்டின் பல்

(பழைய மாணவி ஒருவர், ஒஹையோ மாநிலம், அமெரிக்கா)

'தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே' என்பது நம் முன்னோர் சொல்லி வைத்த பழமொழி. மாட்டின் வயதை அதன் பல்லைப் பார்த்துத்தான் கணிப்பார்கள். சந்தையில் விலை கொடுத்து வாங்குகிறவன் பார்க்கலாம். சும்மா பெற்றுக்கொள்கிறவன் பார்ப்பது அழகல்ல. இது வாங்குகிறவனுக்குச் சொன்ன புத்தி. கொடுக்கிறவன் பார்க்க வேண்டுமா, வேண்டாமா? அதைப் பற்றிப் பழமொழி வாய் திறக்கவில்லை. நான் வாழும் அமெரிக்காவில் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் மாதத்தில் இந்தக் கேள்வி எழுகிறது. அங்கே தானமாகப் போவது மாடு அல்ல, பழைய கார்.

திருவருகைக் காலம் தொடங்கியதும் கோயில்களில் மெழுகுவர்த்திகள் ஏற்றப்படுகின்றன. அதே நாட்களில் ரேடியோவைத் திறந்தால் ஓர் அறிவிப்பு திரும்பத் திரும்ப வரும். 'உங்கள் பழைய காரை எங்கள் அறநிலையத்துக்குக் கொடுங்கள். ஓடாவிட்டாலும் பரவாயில்லை. நாங்களே வந்து இழுத்துச் செல்வோம். டிசம்பர் 31-க்குள் கொடுத்தால் இந்த ஆண்டே வரிச் சலுகை உண்டு' என்பதே அதன் சாரம். நம் நாட்டில் நிதியாண்டு மார்ச் 31-இல் முடிகிறது. அமெரிக்காவில் தனிமனிதரின் வரி ஆண்டு நாட்காட்டியோடு டிசம்பர் 31-இல் முடிந்துவிடும். கணக்கை ஏப்ரல் மாதம் கொடுத்தாலும், தானம் டிசம்பர் 31-க்குள் கைமாறியிருக்க வேண்டும். இந்தியாவில் வருமான வரிக் கழிவு பணமாகத் தரும் நன்கொடைக்குத்தான், பொருளுக்குக் கிடையாது. அமெரிக்காவில் பொருளுக்கும் உண்டு. ஆகவே அங்கே ஆண்டுக் கடைசியில் ஈகையும் அவசரமும் கைகோத்து வருகின்றன.

இப்படி வாங்கும் கார்களை அறநிலையங்கள் பெரும்பாலும் தாங்களே வைத்துக்கொள்வதில்லை. ஒரு லாரி வந்து காரை இழுத்துச் செல்லும். ஏலம் விடுவார்கள். இழுத்த கூலி, விளம்பரச் செலவு, இடைத்தரகரின் பங்கு எல்லாம் போக மிஞ்சுவதே ஏழைகளுக்கு. முற்காலத்தில் கொடுத்தவர் தம் காரின் மதிப்பைத் தாமே நிர்ணயித்து வரிக் கணக்கில் எழுதிக்கொள்ளலாம். நொண்டி மாட்டைக் கொடுத்துவிட்டுக் காங்கேயம் காளையின் விலையை எழுதினாலும் கேட்பார் அரிது. அமெரிக்க அரசின் கணக்காய்வு அலுவலகம் 2003-ஆம் ஆண்டில் 54 கார் தானங்களை எடுத்துக்கொண்டு, அவை கடைசியில் என்னவாயின என்று ஆராய்ந்தது. அவற்றுள் மூன்றில் இரண்டு பங்கு தானங்களில், கொடுத்தவர் கணக்கில் காட்டிய மதிப்பில் 100-க்கு 5 அல்லது அதற்கும் குறைவான பங்கே அறநிலையத்தின் கைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. 2,000 டாலர் தருமம் செய்தேன் என்று ஒருவர் எழுத, ஏழைக்கு எட்டியது 100 டாலருக்கு மேல் இல்லை என்பது இதன் பொருள்.

அடுத்த ஆண்டே, அதாவது 2004-இல், சட்டம் திருத்தப்பட்டது. 2005 முதல், ஒரு காருக்கு 500 டாலருக்கு மேல் கழிவு கேட்டால், அந்தக் கார் உண்மையில் என்ன விலைக்கு விற்றதோ அதற்கு மேல் கேட்க முடியாது. விற்ற 30 நாட்களுக்குள் அறநிலையம் விற்ற தொகையைக் குறித்துச் சான்று தர வேண்டும். அந்தச் சான்று இல்லாமல் 500 டாலருக்கு மேல் கழிவும் இல்லை.

இதற்குச் சட்டம் மூன்று விதிவிலக்குகளைத் தந்திருக்கிறது. அறநிலையம் காரை விற்காமல் தன் பணிக்கே, எடுத்துக்காட்டாக முதியோருக்கு உணவு கொண்டுபோய்க் கொடுக்க, வைத்துக்கொள்ளலாம். நன்றாகப் பழுதுபார்த்து அதன் மதிப்பை உயர்த்தலாம். வெறுமே கழுவித் துடைப்பது போதாது. அல்லது ஓர் ஏழைக்கு இலவசமாகவோ மிகக் குறைந்த விலைக்கோ கொடுக்கலாம். இந்த மூன்றில் ஒன்று நடந்தால், கொடுத்தவர் காரின் சந்தை மதிப்பையே கணக்கில் காட்டலாம். சட்டப் புத்தகத்தில் இதைப் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. 'நீ எவ்வளவு கொடுத்தாய்?' என்று கேட்டு வந்த சட்டம், 'நீ கொடுத்தது என்னவாயிற்று?' என்று கேட்கத் தொடங்கிவிட்டது! கொடுக்கிறவனே, நீ பல்லைப் பிடித்துப் பார் என்று சொல்லிவிட்டது.

இனி, கணக்குப் பாடத்தில் ஆர்வமுள்ள மாணவியருக்காக ஒரு சிறு கணக்கு. கழிவு வேறு, வரி வேறு. 1,500 டாலர் கழிவு என்றால் 1,500 டாலர் வரி குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியன்று. 12 விழுக்காடு வரி கட்டுகிறவருக்கு 1,500 டாலர் கழிவினால் மிச்சமாவது 180 டாலர். அதுவும் எல்லோருக்கும் கிடைக்காது. எந்தச் செலவையும் காட்டாமலே ஒவ்வொருவரும் எடுத்துக்கொள்ளக்கூடிய நிலையான கழிவு ஒன்று அங்கே உண்டு. 2018 முதல் அது ஏறக்குறைய இரு மடங்காக்கப்பட்டது. 2022-ஆம் ஆண்டுக்குத் தம்பதியருக்கு அது 25,900 டாலர். தனித்தனியே பட்டியலிட்ட செலவுகளும் தருமங்களும் இந்தத் தொகையைத் தாண்டினால்தான் காரைக் கொடுத்ததற்குக் கழிவு கேட்பதில் பயன் உண்டு. அந்நாட்டில் பத்தில் ஒன்பது பேர் பட்டியலிடுவதே இல்லை. ஆகவே ரேடியோவைக் கேட்டு டிசம்பர் 31-ஆம் தேதி அவசர அவசரமாகக் காரை அனுப்புகிறவர்களில் பலருக்கு அந்தத் தேதியால் ஒரு காசும் மிச்சமில்லை.

இவற்றையெல்லாம் நான் படித்து அறிய நேர்ந்ததற்குக் காரணம் உண்டு. 2022 அக்டோபரில் என் கணவர் இறைவனடி சேர்ந்தார். அவருடைய கார் வீட்டில் நின்றது. 2006-ஆம் ஆண்டின் டொயோட்டா கொரோலா. பதினாறு ஆண்டுகள் அவரை வேலைக்கும், எங்களைத் திருப்பலிக்கும், கடைசியில் அவரையே மருத்துவமனைக்கும் சுமந்த கார் அது. எனக்கென்று வேறொரு கார் இருந்தது. அந்த ஆண்டு அவருடைய மருத்துவச் செலவு மிகுதி. அதனால் அந்த ஓர் ஆண்டு மட்டும் எங்கள் பட்டியல் நிலையான கழிவைத் தாண்டியிருந்தது. மறு ஆண்டு தாண்டாது. எனவே, '31-ஆம் தேதிக்குள் கொடுத்துவிடுங்கள், அம்மா. ஒரு போன் செய்தால் வந்து எடுத்துப் போவார்கள்' என்றாள் என் மகள். அவள் சொன்னதில் தவறில்லை. விசாரித்தேன். ஏலத்தில் 1,500 டாலர் அளவுக்குப் போகலாம் என்றார்கள். எனக்கு மிச்சம் மேலே சொன்ன 180 டாலர்.

எங்கள் பங்கில் புனித வின்சென்ட் தே பவுல் சபை இயங்குகிறது. நம் ஊர்ப் பங்குகளிலும் இச்சபையைக் கண்டிருப்பீர்கள். 1833-ஆம் ஆண்டு பாரீஸ் நகரில் பிரடெரிக் ஓசானாம் என்ற 20 வயது மாணவரும் அவருடைய தோழர்களும் தொடங்கிய சபை இது. ஓசானாமுக்கு 1997-இல் முத்திப்பேறு பட்டம் அளிக்கப்பட்டது. ஏழைகளைத் தங்களிடம் வரவழைக்காமல், அவர்களுடைய வீட்டுக்கே சென்று பார்ப்பது இச்சபையின் ஆதிநாள் வழக்கம். வீட்டுக்குள் போய்ப் பார்க்கிறவருக்கு அங்கே என்ன இல்லை என்று தெரியும். எங்கள் பங்குச் சபையாரிடம் காரைப் பற்றிச் சொன்னேன். முதியோர் இல்லத்தில் இரவு வேலை பார்க்கும் ஒரு தாய்க்குக் கார் தேவை என்றார்கள். வேலை முடியும் நேரத்தில் பேருந்து கிடையாது. யாராவது ஏற்றிச் சென்றால்தான் வேலை. நம் ஊரில் கார் ஒரு வசதி. அந்தச் சிற்றூரிலோ அது காலுக்குச் செருப்பு மாதிரி. இல்லாவிட்டால் நடை தடைப்படும். நடை தடைப்பட்டால் பிழைப்பும் தடைப்படும்.

ஆனால் உடனே வாங்கிக்கொள்ள அவர்கள் இசையவில்லை. 'பார்த்துத்தான் வாங்குவோம். பழுதான காரை ஏழைக்குக் கொடுத்தால் அவர் தலையில் கடனை ஏற்றியது போலாகும்' என்றார்கள். பார்த்துச் சொல்ல வேண்டிய மெக்கானிக், பங்கைச் சேர்ந்த தொண்டர், வெளியூர் போயிருந்தார். மூன்று அரசர் திருநாள் கழிந்துதான் வருவார். அதற்குள் டிசம்பர் 31 போய்விடும்; 180 டாலரும் போய்விடும்.

180 டாலர் பெரிய தொகை அல்ல. என் நிலையில் சிறிய தொகையும் அல்ல. இரண்டு இரவு யோசித்தேன். ஏலத்துக்குக் கொடுத்தாலும் அது தருமம்தான். ஓடாத காருக்கு அதுவே நல்ல வழி. வாசலில் துருப்பிடித்து நிற்பதைவிட, நாலு காசாக மாறி ஓர் அனாதை இல்லத்துக்குப் போகட்டும். ஆனால் இது ஓடுகிற கார். ஏலத்தில் 1,500 டாலராகி, செலவு போகத் தேய்ந்து, எங்கோ கரைவதைவிட, ஒரு தாயை வேலைக்குக் கொண்டு சேர்ப்பது மேல் என்று எனக்குப் பட்டது. மகளிடம் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, 'அப்பாவாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்' என்றாள்.

உரிமைப் பத்திரத்தை என் பெயருக்கு மாற்றினேன். பிரேக் தேய்ந்திருந்தது, இரண்டு டயர்களும் வழுவழுத்துக் கிடந்தன. அவற்றை மாற்றச் சொன்னேன். ஜனவரி இரண்டாம் வாரம் மெக்கானிக் வந்தார். பானெட்டைத் திறந்து, அடியில் படுத்து, ஒரு மணி நேரம் பார்த்தார். அவர் மாட்டின் பல்லைப் பார்த்தார் என்றே சொல்ல வேண்டும்! எனக்கு மனத்தாங்கல் ஒன்றும் உண்டாகவில்லை. கண்ணாடியில் தொங்கிய செபமாலையை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன். காரைப் பெற்ற அந்தத் தாயின் பெயர் எனக்குத் தெரியாது. சபையார் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பழைய பொருளைக் கொடுக்கும் பாடத்தை நான் முதலில் கற்றது நம் பள்ளியில்தான். கிறிஸ்மஸுக்கு முன் ஏழைகளுக்கென்று பழைய துணிகள் சேர்ப்போம். தையல் வகுப்பு எடுத்த சிஸ்டர் ஒவ்வொரு துணியையும் விரித்துப் பார்ப்பார். பொத்தான் இல்லாத சட்டையை யார் கொண்டுவந்தாலும் கோபிக்க மாட்டார். ஒரு பொத்தானும் ஊசியும் நூலும் எடுத்து அந்தப் பிள்ளையின் கையில் கொடுப்பார். தைத்து, துவைத்து, மடித்துக் கொண்டுவந்த பிறகே அது கூடைக்குள் போகும். 'நமக்கு வேண்டாததைக் கழிப்பது வேறு, பிறருக்கு வேண்டியதைக் கொடுப்பது வேறு' என்பார்.

அன்புத் தங்கைகளே, உங்களிடம் கொடுக்கக் கார் இல்லாமலிருக்கலாம். சென்ற ஆண்டுப் பாடநூல் இருக்கும். சிறிதாகிப்போன சீருடை இருக்கும். ஜாமெட்ரி பெட்டி இருக்கும். கொடுக்குமுன் ஒரு நிமிடம் அதைக் கையில் எடுத்துப் பாருங்கள். நூலில் கிழிந்த பக்கத்தை ஒட்டுங்கள். பெட்டியில் காம்பஸ் இல்லையென்றால் ஒன்று வாங்கிப் போடுங்கள். பெற்றோரே, ஆண்டுக் கடைசியில் ரசீதுக்காகக் கொடுப்பதும் நல்லதுதான். சட்டம் தரும் சலுகையைப் பெறுவதில் குற்றமில்லை. ஆனால் அந்தப் பணம் யாருடைய வீட்டுக்குள், என்னவாகப் போகிறது என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். வாங்குகிறவர் பல்லைப் பார்க்க வேண்டியிராதபடி, கொடுக்கிற நாமே பார்த்துக் கொடுப்போமாக.